வெயில் ஏற ஏற இறங்கிய தண்ணீர்

பாலக்கோட்டுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்தே விஷயம் புரிந்து நாங்களும் இறங்கினோம். சித்திரை மாதம், காலை பதினொரு மணி. சாலையின் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். எனக்குப் பாதி புரிந்தது. "இந்த வெயிலுக்குத் தக்காளிப் பூவெல்லாம் உதிர்ந்துவிடும்" என்றாள் ஒருத்தி. "பூவை விடு, முதலில் அந்த டிரைவர் எழுந்திருக்கட்டும்" என்றாள் மற்றவள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு களைப்பு.

எனக்கு ஐம்பத்தொரு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. சோலார் பம்புசெட் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். புகார் வந்த இடத்துக்குப் போய், கூரை ஏறி, மீட்டர் வைத்துப் பார்த்து, அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த மாதத்தில் இது மூன்றாவது பயணம். ஏணியைப் பார்த்தாலே என் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் பயணத்துக்கான அறிக்கையை மேனேஜர் முதல்நாளே போனில் சொல்லிவிட்டார். "புகார் குடுத்த அந்தம்மா பேனல் மேல தண்ணி ஊத்தியிருக்காங்க மேடம். போட்டோ இருக்கு. பயன்படுத்தியவர் தவறுன்னு எழுதிட்டு வந்துடுங்க. அப்படியே ஒகேனக்கல்ல ஒரு சின்ன புகார், அதையும் பாத்துடுங்க." நானும் சரி என்றுதான் கிளம்பினேன். எத்தனையோ முறை அப்படி எழுதியிருக்கிறேன்.

தக்காளி ஏற்றப் போன ஒரு காலி மினி லாரி எங்களில் ஆறு பேரைப் பாலக்கோட்டில் இறக்கிவிட்டது. சந்தைக்குப் பக்கத்திலேயே அறை. ஜன்னலைத் திறந்தால் பெட்டி பெட்டியாகத் தக்காளி, பழுத்து வெடித்த தக்காளியின் புளித்த வாசம், டிராக்டர் சத்தம். ஜன்னலை மூடினால் புழுக்கம். வாசத்தையே தேர்ந்தெடுத்தேன். சாயங்காலம் ஒரு மெஸ்ஸில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டேன். களியை நான் சோறு போலப் பிசையப் போனதைப் பார்த்து, பரிமாறிய பெண் பதறிவிட்டாள். "மெல்லக் கூடாதுங்க. உருட்டித் தொட்டு அப்பிடியே முழுங்கணும்." முழுங்கினேன். பயணத்தில் எனக்கு நிம்மதியாக இறங்கிய ஒரே உணவு அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. புகார் கொடுத்த வீட்டுக்காரர் சவரிமுத்து பைக்கில் வந்து என்னை அழைத்துப் போனார். பாப்பாரப்பட்டி போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் அவர்கள் நிலம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். குச்சி நட்டுக் கட்டிய தக்காளி, பூவும் பிஞ்சுமாக நின்றது. தண்ணீருக்கு ஒரு ஆழமான போர்வெல். கரண்டு கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து அலுத்து, சோலாருக்கு மாறியவர்கள். தக்காளி தரம் பிரிக்கும் தகரக் கொட்டகையின் மேல் பத்துப் பேனல்கள் பளபளத்தன.

அவருடைய மனைவி லூர்து மேரிதான் புகார் கொடுத்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முக்காடு போல் துண்டைத் தலையில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒரு பொம்பளைய அனுப்பியிருக்காங்களே, பரவால்ல" என்றார். அது வரவேற்பா, சந்தேகமா என்று தெரியவில்லை.

"என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

"காலையில ஒம்போது, பத்து மணிக்குத் தண்ணி நல்லா வருதுங்க. செடிக்கு நடுவுல எட்டு சால் நனையுது. பன்னெண்டுக்கு மேல நூலாட்டம் ஆயிடுது. மூணு சால் கூட நனைய மாட்டேங்குது. தை மாசத்துல இப்பிடி இல்லீங்க. நாள் பூரா தண்ணி கொட்டுச்சு. வெயில் வர வர கொறையுது."

"எங்க கம்பெனியிலருந்து முன்னாடி வந்தவர் என்ன சொன்னார்?"

"வெயிலு அதிகமானா கரண்டு அதிகமா வரும், போர்லதான் தண்ணி இல்லன்னாரு. போர்ல தண்ணி இல்லன்னா காலையில மட்டும் எப்பிடிங்க வருது? ஒரு மேகம் வந்துட்டுப் போனா அப்புறம் கொஞ்ச நேரம் ஜோரா வருதுங்க. அதையும் சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

நான் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் பம்பு ஓடவில்லை என்று திட்டியவர்கள் நிறையப் பேர். மேகம் போன பிறகு என்ன ஆகிறது என்று கவனித்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

ஏணி ஏறினேன். முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. பேனல்களின் மேல் செம்மண் தூசி. சாலை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தூசிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை. "தண்ணி ஊத்துனீங்களா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"ஊத்துனேங்க. ஊத்துனா தண்ணி நல்லா வருது. காஞ்சதும் மறுபடி கொறைஞ்சுடுது. தப்பா?"

உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீரின் உப்பும் படியும். தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்துதான் அவர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் வெப்பமானியைப் பேனல் மேல் காட்டினேன். எழுபத்தொரு டிகிரி. தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல்கூட நுழையவில்லை. மேலே வெயில், கீழே காய்ந்த தகரம். நடுவில் பேனல் தோசை போல வெந்துகொண்டிருந்தது.

சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. சூடு ஏற ஏற அதன் வோல்டேஜ் இறங்கும். ஆழமான போரிலிருந்து தண்ணீரை மேலே தள்ள ஒரு அளவுக்கு வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு வேண்டிய அளவுக்குக் கீழே வோல்டேஜ் போனால் மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. எங்கள் தூத்துக்குடியில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. கடல் காற்று பேனலின் அடியில் புகுந்து புகுந்து ஓடும். அங்கே எங்களைப் படுத்துவது துரு. நட்டும் போல்ட்டும் இரண்டே வருடத்தில் உதிரும். இங்கே காற்று இருந்தும் உள்ளே போக வழி விடாமல் யாரோ பேனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த யாரோ எங்கள் கம்பெனியின் ஆள்.

மேகத்துக்காகக் காத்திருந்தோம். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று லூர்து மேரி தட்டைப்பயறு குழம்பும் சோறும் போட்டார். கொட்டகைக்குள் உட்கார முடியவில்லை. வேப்பமர நிழலில் சாப்பிட்டோம். ஒரு மணி சுமாருக்கு மேற்கே இருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. குழாயில் நூல் போல வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஏழெட்டு நிமிடம். மறுபடி ஏறி வெப்பமானியைக் காட்டினேன். ஐம்பத்திரண்டு. மேகம் விலகியது. குழாய் இரண்டு முறை செருமியது. பிறகு மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் கொட்டியது.

"பாத்தீங்களா!" என்றார் லூர்து மேரி. குரலில் சந்தோஷத்தைவிடக் கோபம் அதிகம். "மூணு மாசமா இதத்தான் சொல்றேன்."

கால் மணி நேரத்தில் அது மறுபடி நூலானது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பயன்படுத்தியவர் தவறு என்று எழுத முடியாது என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு வரப்போகும் போன்களை நினைத்து அப்போதே அலுப்பாக இருந்தது.

"இதுக்கு என்னாங்க பண்ணணும்?" என்று சவரிமுத்து கேட்டார்.

"கீழே காத்து போகணும். ஒரு முழம் தூக்கி வச்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்."

"யாருங்க தூக்குவாங்க?"

அப்போது சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று அவரே சொல்லியிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டேன். "திங்கட்கிழமை வர்றேன், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற காலோடு வரப்பில் ஓடினேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல். பஸ் நிறையச் சுற்றுலாக் கூட்டம். அருவிக்குப் போகிறவர்கள் பாட்டுப் பாட, நான் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அங்கே எங்கள் பேனல் போட்ட ஒரு சின்ன லாட்ஜில் புகார். மூன்று மணிக்கு மேல் கரண்டு பாதியாகிறது. மொட்டை மாடிக்கு ஏறியதும் காரணம் கண்ணில் பட்டது. பக்கத்து மருதமரத்தின் ஒரு கிளை வளர்ந்து, சாயங்கால நிழலை ஒரே ஒரு பேனலின் மேல் போடும்படி நின்றது. ஒரு பேனல் மங்கினால் வரிசை முழுவதும் மங்கும்.

"கிளையை வெட்டிடுங்க" என்றேன்.

லாட்ஜ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்த வெட்ட மாட்டேங்க. பேனலை நகத்துங்க." எனக்கு அவரைப் பிடித்துப் போனது. நகர்த்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆற்றங்கரைக் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் சீலாவும் ஊளியுமாகக் கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு ஆற்று மீன் முள்ளும் மண்வாசமுமாகத்தான் இருக்கிறது. கடைக்காரப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. ஓரமாகப் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒருவர் இன்னொருவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "காத்து வரப்போவுதாம், இன்னிக்கு இதோட போதும்ங்கறாரு" என்றாள் கடைக்காரி. மணி மூன்றுகூட ஆகவில்லை. வானத்தைப் பார்த்தேன். தென்மேற்கில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுவர் எழுந்திருந்தது.

திரும்பும் பஸ் காட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது காற்று வந்தது. முதலில் மண், பிறகு இலை, பிறகு கிளைகள். ஒரு வளைவில் மரம் சாய்ந்து சாலையை மறித்தது. பஸ் நின்றது. மழை பக்கவாட்டில் அடித்தது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். காற்று பஸ்ஸின் மேல்தகரத்தைப் பிடித்து உலுக்கியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சவரிமுத்து கேட்டது ஞாபகம் வந்தது. யாருங்க தூக்குவாங்க?

நீங்களாகத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேனலைத் தூக்கினால் அடியில் காற்று புகும். புகுந்த காற்று குளிர்விக்கும். அதே காற்று பலமாக வந்தால் பேனலைக் கப்பல் பாய் போலாக்கித் தூக்கி எறிந்துவிடும். அதற்கென்று இரும்புச் சட்டமும் போல்ட்டும் கணக்காகப் போட வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூட அவர்களிடம் சொல்லவில்லை. போனை எடுத்தேன். டவர் இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்த வளைவில் நின்றோம். பென்னாகரத்தில் டவர் கிடைத்ததும் கூப்பிட்டேன். லூர்து மேரி எடுத்தார்.

"பேனலை ஏதும் தொட்டீங்களா?"

"நாளைக்கு வாங்க மேடம். வந்து பாருங்க" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வானம் கழுவித் துடைத்தது போல் இருந்தது. குளிர் காற்று. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. கொட்டகையின் ஓரத்தில் தகரம் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. ஒரு பேனல் வேலியில் செருகி நின்றது. இன்னொன்று தக்காளி வரிசைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தது. அது விழுந்து உருண்ட வழியெல்லாம் குச்சியும் செடியும் மடங்கியிருந்தன. நொறுங்கிய கண்ணாடி கற்கண்டுத் தூள் போல மண்ணில் மின்னியது.

சவரிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பக்கத்து நிலத்து மாதையனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பத்துப் பேனலையும் ஹாலோ பிளாக் கல்லின் மேல் ஏற்றிக் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார். மத்தியானம் ஒரு மணிக்குத் தண்ணீர் தடிமனாகக் கொட்டியிருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். நான்கு மணிக்குக் காற்று வந்தது. ஓரத்துப் பேனல் எழும்பியதைப் பார்த்து அவர் ஏணி ஏறிப் பிடிக்கப் போயிருக்கிறார். தகரம் கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல்.

"நீங்க திங்கக்கிழமை வர்றதுக்குள்ள முடிச்சு வச்சா, பாத்துட்டு நல்லபடியா எழுதுவீங்கன்னு நெனச்சேங்க" என்றார். "லூர்து வேணாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

நான் லூர்து மேரியைப் பார்த்தேன். "நான் சொன்னதுதான் காரணம். என் தப்பு" என்றேன்.

அவர் கீழே கிடந்த ஒரு செடியை நிமிர்த்திக் குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார். "நீங்க சொன்னதுல தப்பு இல்லீங்க அக்கா. சொல்லாம விட்டதுதான் தப்பு. யாரு தூக்குவாங்கன்னு கேட்டாரு. நானும் அங்கதான் நின்னேன். நீங்க பஸ்ஸப் பாத்தீங்க."

அவர் மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட்டது இன்னும் உறுத்தியது.

அழுது பயனில்லை. வேலையைப் பார்த்தோம். மாதையன் பாப்பாரப்பட்டிக்குப் போய் ஒரு வெல்டிங் ஆளையும் இரும்பு ஆங்கிளையும் கொண்டுவந்தார். நான் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு மேலே ஏறினேன். மீதி எட்டுப் பேனலில் ஒவ்வொன்றாகக் கல்லை எடுத்து, கொட்டகையின் இரும்புத் தூணோடு சேர்த்துச் சட்டம் வைத்து இறுக்கச் செய்தேன். ஒரு முழம் இடைவெளி அப்படியே இருக்கும்படி. முழங்கால் அன்று முனகக்கூட இல்லை, மரத்துப் போயிருந்தது. அறுந்த வயரை வெட்டி, எட்டையும் ஒரே வரிசையாக இணைத்தேன். லூர்து மேரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடையிடையே தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

பன்னிரண்டரைக்கு ஸ்விட்சைப் போட்டேன். தூசியை மழை கழுவியிருந்தது. காற்று பேனலின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. வெப்பமானி நாற்பத்தாறு காட்டியது. குழாய் செருமியது, தண்ணீர் வந்தது. நூல் இல்லை. மணிக்கட்டுத் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எட்டுப் பேனல்கள், சனிக்கிழமை பத்துப் பேனல்கள் கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்தன.

"இது குளிர்ச்சியான நாள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "மறுபடி வெயில் ஏறினா எட்டு பத்தாது. மீதி ரெண்டும் வந்தாகணும்."

"இதையாவது முழுசா சொன்னீங்களே" என்றார் லூர்து மேரி. முதல்முறையாக முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

சாயங்காலம் பாலக்கோட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். விழுந்த பேனல்களின் படம் மாதையனின் போனிலிருந்து கம்பெனிக்குப் போயிருந்தது. "அவங்களே கழட்டி மாத்தியிருக்காங்க. இனி நமக்கு வேலையே இல்ல மேடம். அதை மட்டும் எழுதுங்க, போதும்."

"நான்தான் தூக்கச் சொன்னேன் சார்."

"எழுத்துல சொன்னீங்களா?"

"வாயால சொன்னேன்."

"அப்ப நீங்க சொல்லவே இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்றே அவர் நினைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து எழுதினேன். பேனல்கள் பொருத்தப்பட்ட முறையே தவறு, அதனால் சூடேறி வோல்டேஜ் குறைகிறது. புகார் கொடுத்தவர் முதல்நாளிலிருந்து சரியாகவே சொல்லியிருக்கிறார். பேனல்களை உயர்த்தும்படி சொன்னது நான். எங்கள் ஆட்கள் வந்து செய்யும் வரை தொடக்கூடாது என்று சொல்லாமல் விட்டதும் நான். கீழே என் பெயரைப் போட்டேன். அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் உடனே வந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உடம்பு அப்படி.

ஊர் திரும்பி ஐந்து வாரம் கழித்து இரண்டு புதுப் பேனல்களும் சரியான சட்டமும் அங்கே போய்ச் சேர்ந்தன. பொருத்தப் போனவர்களில் நான் இல்லை. அதற்குள் தக்காளியில் ஒரு பகுதி காய்ந்துவிட்டது. மீதிக்கு மாதையன் தன் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார். சவரிமுத்துவின் சுண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை என்று லூர்து மேரி போனில் சொன்னார். பம்பு பரவாயில்லை என்றும் சொன்னார்.

என்னை வெளியூர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு நல்லதுதான். கூடவே ஒரு கடிதம் வந்தது. உரிய எச்சரிக்கை கொடுக்கத் தவறியதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். களைப்பாக இருந்தேன், பஸ் வந்துவிட்டது என்று எழுதினேன். இது ஏற்கத்தக்க காரணம் இல்லை, தகுந்த காரணத்தை எழுதவும் என்று கடிதம் திரும்பி வந்தது. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அதே இரண்டு காரணங்களையும் மறுபடி எழுதி, தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.